முகமூடிக்கு மேல் இன்னொரு விலாசம்

கொண்டுவிக்கப் போன, அதாவது கடல் கடந்து தொழில் செய்யப் போன காலத்தில் ரங்கூனிலோ பினாங்கிலோ கடை வைத்த நகரத்தார் யாரும் கடைக்குப் பெயர் தேடி மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. குடும்பத்துப் பெயர்களின் முதலெழுத்துகளைக் கோத்தால் ஒரு விலாசம் ஆயிற்று. கொடுக்கல் வாங்கல் முழுக்க அந்த விலாசத்தில்தான் நடக்கும். பங்கு பிரிந்தால் விலாசமும் மாறும். ஒரே ஆளுக்கு இரண்டு மூன்று விலாசங்களில் பங்கு இருப்பதும் உண்டு. ஆள் ஒருவர்தான், ஆனால் ஒரு விலாசத்தின் பேரேட்டை இன்னொன்றோடு கலக்க மாட்டார். எந்த விலாசத்தில் என்ன வரவு செலவு என்பது கடன் கேட்டு வருபவருக்கும் தெரியும்.

1994ல் அமெரிக்காவில் வெளியான ஒரு கிதார் ஆல்பத்தை விளக்க எனக்கு இதைவிட நல்ல வாசல் கிடைக்கவில்லை. ஆல்பத்தின் பெயர் ‘ட்ரீமட்டோரியம்’. வாசித்தவர் பெயர் ‘டெத் க்யூப் கே’ என்று போட்டிருக்கும். அப்படி ஒருவர் கிடையாது. ‘பக்கெட்ஹெட்’ என்ற பெயரின் பத்து ஆங்கில எழுத்துகளையும் கலைத்து வேறு வரிசையில் அடுக்கினால் கிடைப்பதுதான் ‘டெத் க்யூப் கே’.

வேடிக்கை என்னவென்றால் பக்கெட்ஹெட் என்பதும் ஒரு வேடம்தான். 1969ல் பிறந்த கலிஃபோர்னியாக்காரர் பிரையன் கேரல், முகத்தில் அசைவே இல்லாத வெள்ளை முகமூடியும் தலையில் கேஎஃப்சி கோழி வறுவல் வாளியுமாக மேடை ஏறுவார், பேச மாட்டார். விரல் வேகத்துக்குப் பேர்போன பால் கில்பர்ட்டிடம் பாடம் கேட்டவர். 1992ல் முதல் தனி ஆல்பம். அதே ஆண்டு பேஸ் கிதார்க் கலைஞரும் தயாரிப்பாளருமான பில் லாஸ்வெல்லுடன் ‘ப்ராக்சிஸ்’ குழுவில் வாசித்தார். 2000 முதல் 2004 வரை கன்ஸ் அண்ட் ரோஸஸ் ராக் குழுவில் இருந்தார். 2011ல் தொடங்கிய ‘பைக்’ வரிசையில் குட்டிக் குட்டி ஆல்பங்களாக இதுவரை பல நூறு வெளியிட்டுவிட்டார், 2015ல் மட்டும் நூற்றுக்கும் மேல். சாப்பிடுவாரா தூங்குவாரா என்று கேட்கத் தோன்றும் கணக்கு இது.

ஏற்கெனவே முகமூடி போட்டிருப்பவருக்கு எதற்கு இன்னொரு பெயர்? வேகமான கிதார் வாங்க வந்தவன் இந்த மெதுவான, இருண்ட இசையைக் கேட்டு ஏமாந்துபோய்த் திட்டக்கூடாது, அதனால் தனிப்பெயர் என்று ஒரு வியாபாரக் காரணம் சொல்லலாம். அது பொய்யில்லை. ஆனால் பெரிய காரணம் பாட்டுக்குள்ளேயே இருக்கிறது என்பது என் எண்ணம். முகமூடி முகத்தைத்தான் மறைக்கும். வாளியைக் கழற்றி வைத்துவிட்டுத் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து வாசித்தாலும் பத்து விநாடியில் பக்கெட்ஹெட் என்று ரசிகன் சொல்லிவிடுவான், விரல் காட்டிக்கொடுத்துவிடும். ‘டெத் க்யூப் கே’ அந்த விரலை மறைக்க வந்த பெயர். இதில் யாரோ ஒருவர் வாசிக்கிறார் என்ற எண்ணமே வரக்கூடாது.

அதை எப்படிச் சாதிக்கிறார் என்று பார்க்கும் முன், ‘டார்க் ஆம்பியன்ட்’ என்கிற இந்த வகை இசை எங்கிருந்து வந்தது என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ‘ஆம்பியன்ட்’ என்ற பெயரை நிலைநிறுத்தியவர் இங்கிலாந்து இசைக்கலைஞர் பிரையன் ஈனோ. 1978ல் விமான நிலையங்களுக்கென்று ஓர் ஆல்பம் போட்டார். கவனித்துக் கேட்டாலும் சரி, கேட்காமல் பக்கத்தில் ஓடவிட்டாலும் சரி, இரண்டுக்கும் இடம் கொடுக்கும் இசை என்பது அவர் கட்சி. அதற்கு முன்பே, 1973ல், கிதார்க் கலைஞர் ராபர்ட் ஃபிரிப்புடன் சேர்ந்து இரண்டு டேப் ரெக்கார்டர்களை வைத்து வித்தை காட்டியிருந்தார். முதல் ரெக்கார்டர் பதிவு செய்யும் நாடா சற்றுத் தள்ளியிருக்கும் இரண்டாவதில் போய் ஓடும். அங்கே ஒலிப்பது மறுபடி முதலாவதுக்கு வந்து பதிவாகும். ஒரு முறை மீட்டிய ஸ்வரம் சில விநாடி கழித்துத் திரும்பி வரும், அதன் மேல் அடுத்தது ஏறும். ஒற்றைக் கிதார் மெல்ல மெல்ல ஒரு மேகக்கூட்டமாகிவிடும்.

இதன் இருண்ட கிளைதான் டார்க் ஆம்பியன்ட். அதற்கு வேர் 1970களின் நடுவில் இங்கிலாந்தில் கிளம்பிய, இயந்திர இரைச்சலையே இசையாக்கிய இண்டஸ்ட்ரியல் இசை. ‘லஸ்ட்மோர்ட்’ என்ற பெயரில் இயங்கும் வேல்ஸ்காரர் பிரையன் வில்லியம்ஸ் 1990ல் வெளியிட்ட ‘ஹெரெசி’ ஆல்பத்தைப் பலரும் இதன் முதல் மைல்கல்லாகச் சொல்வார்கள். நிலவறைக் கல்லறைகள், குகைகள், கசாப்புக் கூடங்கள் என்று தேடிப்போய் அங்குள்ள முழக்கத்தைப் பதிந்து வந்து செய்த வேலை. 1994ல் கெவின் மார்ட்டின் தொகுத்த ‘ஐசோலேஷனிசம்’ தொகுப்பில் இந்தப் போக்கின் ஆட்கள் பலரை ஒரே இடத்தில் கேட்கலாம். ‘காட்ஃபிளெஷ்’ குழுவின் கிதார்க்காரர் ஜஸ்டின் பிராட்ரிக் அதில் ‘ஃபைனல்’ என்ற பெயரில் வருகிறார். உலகிலேயே வேகமாக டிரம்ஸ் அடிப்பவர்களில் ஒருவர் என்று பேரெடுத்த மிக் ஹாரிஸ் ‘லல்’ என்ற பெயரில் வருகிறார், டிரம்ஸ் இல்லாமல். எதற்குப் பெயர்பெற்றார்களோ அதைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு உள்ளே வந்தவர்கள். ‘ட்ரீமட்டோரியம்’ வந்ததும் அதே ஆண்டுதான்.

அந்த ஆல்பத்தில் இருப்பது கிதாரும் லாஸ்வெல்லின் பேஸும். தாளம் என்று பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. பாடல்களுக்குக் கனவு, இருட்டு, இல்லாத உலகங்களின் வரைபடம் என்ற தினுசில் தலைப்புகள். தலைப்புகளை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. திகில் பட மோகம் பக்கெட்ஹெட்டுக்கு எப்போதும் உண்டு, அது தலைப்பில் கொஞ்சம் அதிகமாகவே வழியும். சத்தம் அதைவிட நாகரிகமானது.

சரி, விரலை எப்படி மறைப்பது? ஒரு கருவியை நாம் அடையாளம் காண்பது பெரும்பாலும் ஒலி தொடங்கும் அந்தச் சிறு கணத்தில்தான். கம்பியில் நகமோ, மீட்டும் வில்லையான பிளெக்ட்ரமோ படும் ‘டிக்’ இருக்கிறதே, அதுதான் கிதாரின் கையெழுத்து. பிரான்சில் பியேர் ஷேஃபர் 1948 வாக்கில் ஒரு மணியின் ஒலியைப் பதிந்து, அடி விழும் தொடக்கத்தை மட்டும் நறுக்கிவிட்டு மிச்சத்தைப் போட்டுக் கேட்டார். மணி மணியாகவே இல்லை, ஏதோ ஊதும் கருவி போல ஒலித்தது. கிதாரில் இதைச் செய்ய நாடாவை நறுக்க வேண்டாம், காலடியில் ஒரு வால்யூம் பெடல் போதும். ஒலியை மூடி வைத்துக் கம்பியை மீட்டி, ‘டிக்’ போன பிறகு மெல்லத் திறந்தால் எங்கிருந்தோ கசிந்து வருவதுபோல ஸ்வரம் எழும். அதை டிலே கருவி திருப்பித் திருப்பி அனுப்பும். பிறகு எதிர்முழக்கம். ஸ்டுடியோக்காரர்கள் ‘ரிவெர்ப்’ என்பார்கள். மேல் அதிர்வெண்களைக் கொஞ்சம் வெட்டிவிட்டால் ஒலி மங்கித் தூரம் போய்விடும். காற்றும் சுவரும் உயர் ஒலிகளை முதலில் தின்றுவிடும் என்பது நம் காதுக்குப் பழகிய விஷயம், அதனால் மங்கிய ஒலியைக் கேட்டதும் ‘தள்ளி இருக்கிறது’ என்று மூளை முடிவு கட்டிவிடுகிறது. இருட்டு என்று நாம் உணர்வதில் பாதி இந்த வெட்டுதான்.

மீதிப் பாதி இடம். கேட்பவரை மிகப் பெரிய, ஆளில்லாத ஓர் இடத்தில் நிறுத்துவதுதான் டார்க் ஆம்பியன்ட்டின் முக்கிய வித்தை. அந்த இடம் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள எங்கள் ஊர்ப்பக்கம் வந்தால் போதும். காரைக்குடி, கானாடுகாத்தான், பள்ளத்தூர், தேவகோட்டை, எங்கே பார்த்தாலும் ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக நீளும் வீடுகள். பாதிக்கு மேல் பூட்டியே கிடக்கும். கல்யாணம், படைப்பு, சாந்தி என்றால் திறப்பார்கள். சுண்ணாம்பில் கடுக்காய்ச் சாறும் முட்டை வெள்ளையும் சேர்த்துப் பூசி, கல்லால் தேய்த்துக் கண்ணாடிபோல் மெருகேற்றிய சுவர். கீழே ஆத்தங்குடி ஓடு, இல்லாவிட்டால் இத்தாலிப் பளிங்கு. மேலே பர்மா தேக்கு. ஒலியை உறிஞ்சும் பொருள் ஒன்றுகூட இல்லை.

இதில் பலரும் வளவில், அதாவது வீட்டு நடுவிலிருக்கும் திறந்த முற்றத்தில் நின்று கை தட்டிப் பார்த்துவிட்டு ‘அவ்வளவாக எதிரொலி இல்லையே’ என்பார்கள். இருக்காது. காரணம் அமெரிக்க இயற்பியலாளர் வாலஸ் சபைனிடம் இருக்கிறது. 1895ல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் புதிதாகக் கட்டிய ஒரு விரிவுரை மண்டபத்தில் பேசுவது ஒன்றும் புரியவில்லை என்று அவரிடம் ஒப்படைத்தார்கள். பக்கத்து அரங்கத்து இருக்கை மெத்தைகளை இராத்திரி இராத்திரியாகத் தூக்கிவந்து போட்டு, ஓர் ஆர்கன் குழாயை ஊதி நிறுத்தி, ஒலி காதில் மறைய எத்தனை விநாடி ஆகிறது என்று அளந்தார். ஒலி உறிஞ்சலுக்கு அவர் எடுத்துக்கொண்ட அலகு திறந்த ஜன்னல். ஜன்னல் வழியே வெளியே போன ஒலி திரும்பி வராது, அதனால் அது நூறு சதவீத உறிஞ்சல். அந்தக் கணக்கில் வளவு என்பது வானத்தைப் பார்த்துத் திறந்து கிடக்கும் ஒரு பிரம்மாண்ட ஜன்னல். மழையை உள்ளே விடும் வழியாகவே ஒலி வெளியே போய்விடுகிறது.

முழக்கம் வேண்டுமென்றால் அடுத்த கட்டுக்குப் போக வேண்டும், பந்தி போடும் நீள ஹாலுக்கு. உதாரணத்துக்கு 20 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம், 6 மீட்டர் உயரம் என்று ஒரு ஹாலை வைத்துக்கொள்வோம். கன அளவு 960 கன மீட்டர். தரை, சுவர், கூரை எல்லாம் சேர்ந்து 656 சதுர மீட்டர். மெருகேறிய பூச்சும் ஓடும் தன் மேல் படும் ஒலியில் 3 சதவீதத்தை உறிஞ்சும் என்று வைத்தால், மொத்த உறிஞ்சல் 20 சதுர மீட்டர் திறந்த ஜன்னலுக்குச் சமம். சபைன் சூத்திரப்படி கன அளவை 0.161ஆல் பெருக்கி உறிஞ்சலால் வகுத்தால் 8 விநாடிக்குச் சற்றுக் குறைவாக வருகிறது. ஒரு சொடுக்குப் போட்டால் அது முழுதாக அடங்க அவ்வளவு நேரம். கதவு ஜன்னல்களில் 10 சதுர மீட்டரைத் திறந்து வைத்தால் 5 விநாடி. மூடிய ஹாலில் நூறு பேரைப் பந்தியில் உட்கார வைத்தால் இரண்டரை விநாடிகூட இல்லை, ஏனென்றால் ஒவ்வொரு ஆளும் துணிமணியோடு கிட்டத்தட்ட அரைச் சதுர மீட்டர் திறந்த ஜன்னல் அளவுக்கு ஒலியை விழுங்குகிறார். ஆக, ஆள் போன வீடு வேறு மாதிரி ஒலிக்கிறது என்பது மனப்பிரமை இல்லை. வெறுமைக்கு விநாடிக் கணக்கு இருக்கிறது.

பாலின் ஒலிவெரோஸ் என்ற அக்கார்டியன் கலைஞர் 1988ல் வாஷிங்டன் மாநிலத்தில் நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி ஒன்றுக்குள் இறங்கி நண்பர்களோடு வாசித்தார். அங்கே எதிர்முழக்கம் 45 விநாடி. அதற்குள் எந்த ஸ்வரம் யாருடையது என்று வாசித்தவர்களுக்கே குழம்பிவிடும். டார்க் ஆம்பியன்ட் ஸ்டுடியோவில் ரிவெர்ப் கருவியை அப்படித் திருகி வைக்கும்போது உண்டாவதும் அந்தக் குழப்பம்தான். ஒரு ஸ்வரம் அடங்குமுன் அடுத்தது வந்து அதில் கரைந்துவிடுகிறது. ஒரு விநாடிக்குப் பத்துப் பன்னிரண்டு ஸ்வரம் போடும் வித்வானுக்கு அந்த இடத்தில் வேலையே இல்லை, போட்டால் எல்லாம் கூழாகிவிடும். மெதுவாக வாசிக்க வேண்டும் என்று இவர் முடிவெடுத்தார் என்பதைவிட, வாசிக்க இப்படி ஓர் இடத்தைத் தேர்ந்தார், மெதுவை அந்த இடம் பார்த்துக்கொண்டது என்று சொல்வது பொருத்தம்.

அப்படியென்றால் இந்த ஆல்பத்தைச் செட்டிநாட்டு வீட்டிலேயே போட்டுக் கேட்டால் பிரமாதமாக இருக்குமே என்று தோன்றும். இருக்காது. ஆல்பம் தன் ஹாலைத் தானே தூக்கிக்கொண்டு வருகிறது. அதை இன்னொரு ஹாலுக்குள் போட்டால் முழக்கத்தின் மேல் முழக்கம் ஏறி எல்லாம் சேறாகிவிடும். கானாடுகாத்தான் பக்கம் நண்பர் ஒருவர் பெரிய ஸ்பீக்கர் வைத்து இப்படிப் போட்டார். கால் மணி நேரத்தில் வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் டார்ச்சோடு வந்து, “இன்வெர்ட்டர் மக்கர் பண்ணுதா தம்பி?” என்று கேட்டார். அவர் கேட்டதில் தப்பே இல்லை. திசை தெரியாமல், வீடு முழுக்கப் பரவிய ஒரு தாழ்ந்த உறுமல்தான் அவர் காதுக்குப் போயிருக்கும். தாழ்ந்த ஒலிகளின் அலைநீளம் பல மீட்டர் இருப்பதால் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று காது கண்டுபிடிப்பது கஷ்டம், சுவரும் அவற்றை எளிதில் தடுக்காது. வழக்கமான சுருதியில் கிதாரின் அடிக்கம்பி 82 ஹெர்ட்ஸ், பேஸின் அடிக்கம்பி 41 ஹெர்ட்ஸ். லாஸ்வெல் குடியிருப்பது அந்தக் கீழ்த்தளத்தில். செல்போன் ஸ்பீக்கரில் கேட்பவர்களுக்கு அந்தத் தளமே இருக்காது, மேலே தொங்கும் கிதார் மட்டும் அந்தரத்தில் கேட்கும். அப்படிக் கேட்டுவிட்டு ‘ஒன்றுமே இல்லையே’ என்று சொல்வது நியாயமில்லை. நல்ல ஹெட்போன், சின்ன அறை, அவ்வளவுதான் தேவை.

இன்னொரு புகார், ‘பேய்ப்பட பிஜிஎம் மாதிரி இருக்கிறது’ என்பது. எங்கள் வீடுகளில் படப்பிடிப்பு நடத்தாத மாதம் குறைவு. அதில் பேய்ப்படமும் வந்து போகும், அதனால் இந்தப் புகாரை இங்கே அடிக்கடி கேட்கலாம். ஒலியின் சாமான்கள் ஒன்றுதான். பயன் வேறு. படத்தில் அந்த உறுமல் வந்தால் அடுத்து கதவு திறக்கப்போகிறது என்று பொருள். நம் உடம்பு அந்தக் கதவுக்காகத் தயாராகிறது. ‘ட்ரீமட்டோரிய’த்தில் கதவு திறப்பதில்லை. ஐந்து நிமிடம், பத்து நிமிடம் ஆனாலும் ஒன்றும் நடக்காது. காத்திருப்பதை நாமாகவே கைவிடும் நேரம் ஒன்று வரும், அதற்குப் பிறகுதான் காது ஒலியின் உள்ளே போகத் தொடங்குகிறது. இதற்குப் பொறுமை வேண்டும், எல்லாருக்கும் பிடிக்கும் என்றும் சொல்ல மாட்டேன். சில இடங்களில் எனக்கே ‘சரி, போதும்’ என்றிருக்கும்.

கச்சேரி கேட்டு வளர்ந்தவர்களுக்கு ஒரு வசதியும் ஒரு சங்கடமும் உண்டு. நீடித்து ஒலிக்கும் ஆதாரம் நமக்குப் புதிதில்லை, தம்புரா காலங்காலமாக அதைத்தான் செய்கிறது. ஆனால் தம்புராவின் ஸ பாடகருக்கு நிலம். எங்கே போனாலும் திரும்பி வந்து நிற்கலாம், அது நகராது. டெத் க்யூப் கேயின் நீள ஒலிகள் நகர்கின்றன. ஒன்றின் மேல் ஊன்றி நிற்கப் பார்த்தால் அது மெல்லச் சரிந்து வேறொன்றாகிவிடும். பாடகர் வரப்போவதுமில்லை. சாகித்தியம் புரிய வேண்டும், அது தமிழில் இருக்க வேண்டும் என்று 1940களில் தமிழிசை இயக்கத்தை முன்னின்று நடத்தி, 1943ல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் எழக் காரணமான ராஜா சர் அண்ணாமலைச் செட்டியாரின் ஊர் கானாடுகாத்தான். அவர் அரண்மனைக்குக் கூப்பிடு தூரத்தில் உட்கார்ந்து, சாகித்தியமும் இல்லாத, ராகமும் இல்லாத, ஆளும் இல்லாத இந்தச் சங்கதியைச் சிபாரிசு செய்கிறேன் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை.

ஆளும் இல்லாத என்று சொன்னேன், அதற்கு ஒரு தடை வரும். வேகத்தை விட்டுவிட்டு மெதுவாக வாசித்ததெல்லாம் இந்தப் பெயரில்தானா? கிடையாது. 1998ல் ‘கொல்மா’ என்றொரு ஆல்பம் பக்கெட்ஹெட் என்ற பெயரிலேயே வந்தது. உடம்பு சரியில்லாமல் இருந்த அம்மா கேட்பதற்காக வாசித்தது. மெதுவானது, சாந்தமானது, சில இடங்களில் கண் கலங்கும். 2002ல் வந்த ‘எலெக்ட்ரிக் டியர்ஸ்’ கூட அந்த ரகம்தான். ஆகவே வேகம் ஒரு விலாசம், நிதானம் ஒரு விலாசம் என்று பிரித்தால் கணக்கு உதைக்கும். ‘கொல்மா’வில் ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் தொடக்கம் கேட்கும், நகம் படுவது கேட்கும், ஒரு மகன் உட்கார்ந்து வாசிப்பது தெரியும். அதில் மெட்டு இருக்கிறது, முணுமுணுக்கலாம். டெத் க்யூப் கேயை முணுமுணுக்க முடியாது. இரண்டு பேரேடுகளுக்கும் நடுவில் கோடு விழுந்திருப்பது அங்கேதான். ஆள் தெரிகிற இசை எவ்வளவு மெதுவானாலும் பக்கெட்ஹெட் கணக்கில் போகிறது, ஆள் கரைந்துபோனது இந்தக் கணக்கில் வருகிறது. இரண்டாவது ஆல்பத்துக்கு அவர் வைத்த பெயரும் ‘டிஸ்எம்பாடிட்’, உடல் நீங்கியது.

அந்த இரண்டாவது ஆல்பம் 1997ல் லாஸ்வெல் தயாரிப்பில் வந்தது. 1999ல் ‘டனல்’ வந்தது. அப்புறம் 2007ல் ‘மோனோலித்’, 2009ல் ‘டோர்ன் ஃப்ரம் பிளாக் ஸ்பேஸ்’ என்று இந்த விலாசம் விட்டு விட்டுத் திறந்திருக்கிறது. புதிதாகக் கேட்பவர்கள் முதலாவதிலேயே தொடங்கலாம். ஒரே மூச்சில் முழு ஆல்பத்தையும் கேட்க வேண்டியதில்லை, ஒரு நாளைக்கு ஒரு பாடல் போதும். அதே நாளில் ‘கொல்மா’வையும் பக்கத்தில் வைத்துக் கேட்டால், நான் இவ்வளவு நேரம் சொன்ன அந்தக் கோடு எங்கே விழுகிறது என்று பிடிபடும். சாப்பிட்ட கையோடு மட்டும் கேட்காதீர்கள், தூங்கிவிடுவீர்கள்.